பேருந்து ஓட்டுநர் கேட்பது என்ன? ‘வாழ்வூதியம்’ பற்றி ஓர் எளிய விளக்கம்

அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்த அறிவிப்புக் கொடுத்த மறுநாள் காலையில், தமிழ்நாட்டின் எந்தப் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் நின்றாலும் ஏறக்குறைய ஒரே பேச்சுதான் காதில் விழும். “அரசாங்க உத்தியோகம் மாதிரிதானே, இன்னும் என்ன வேண்டுமாம்?” என்று ஒருவர் தொடங்குவார். “பேட்டா, ஓவர்டைம் எல்லாம் சேர்த்தால் கையில் நிறையத்தான் வாங்குகிறார்கள்” என்று இன்னொருவர் சொல்வார். “கழகமே நட்டத்தில் ஓடுகிறது, எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?” என்று மூன்றாமவர் பேச்சை முடித்து வைப்பார்.

இந்த மூன்று பேரும் கெட்ட எண்ணத்தில் பேசுபவர்கள் அல்லர். குறைந்தபட்சக் கூலி, நியாய ஊதியம், வாழ்வூதியம், அகவிலைப்படி, பேட்டா ஆகிய ஐந்தும் நம் பேச்சில் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. எது எதைக் குறிக்கிறது என்று யாரும் நமக்குப் பிரித்துச் சொன்னதில்லை. பிரித்துப் பார்த்தால், வாழ்வூதியம் வேண்டும் என்ற ஓட்டுநர்களின் கோரிக்கை எவ்வளவு எளிமையானது என்பது தெரியும் என்று நான் நம்புகிறேன். இந்த வழக்கில் நான் ஓட்டுநர்களின் பக்கம் நிற்பவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டீசல் மட்டும் போதுமா?

ஒரு டவுன் பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். அதிகாலையில் அது டிப்போவிலிருந்து கிளம்ப வேண்டுமானால் முதலில் டீசல் வேண்டும். டீசலை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் இன்றைக்கு ஓடும், அடுத்த வாரமும் ஓடும். ஆனால் என்ஜின் ஆயிலை மாற்றாமல், பிரேக்கைச் சரிபார்க்காமல், தேய்ந்த டயரைக் கழற்றாமல் எத்தனை மாதம் ஓட்ட முடியும்? அதனால்தான் டிப்போவில் வண்டிகளுக்குப் பராமரிப்பு முறை ஒன்று இருக்கிறது. தகுதிச் சான்றுக்காக எஃப்.சி. காட்ட வேண்டியும் இருக்கிறது. இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் ஒருநாள் வண்டியின் ஆயுள் முடிந்துவிடும். அன்றைக்குப் புதிய வண்டி வாங்குவதற்கான பணத்தை, பழைய வண்டி ஓடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே தேய்மானம் என்று ஒதுக்கி வைக்க வேண்டும்.

அந்த வண்டியை ஓட்டுபவரின் குடும்பத்துக்கும் இதே மூன்று தேவைகள் உண்டு. இன்றைய சோறு டீசல் போன்றது. மருத்துவம், நல்ல வீடு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவை பராமரிப்பைப் போன்றவை. முதுமைக்கும் திடீர் இடருக்குமான சேமிப்பு, தேய்மான நிதியைப் போன்றது. இரும்பால் ஆன வண்டிக்கு இந்த மூன்றையும் கணக்கில் எழுதும் நாம், ஸ்டியரிங் பிடிக்கும் மனிதருக்கு முதல் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு, “சம்பளம்தான் கொடுக்கிறோமே” என்று சொல்லிவிடுகிறோம். ஊதியம் பற்றிய குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மூன்று படிகள்

நாடு விடுதலை அடைந்த உடனேயே இந்தக் கேள்வியை இந்தியா அதிகாரபூர்வமாக எதிர்கொண்டது. 1948-இல் அமைக்கப்பட்ட நியாய ஊதியக் குழு, ஊதியத்தை மூன்று படிகளாகப் பிரித்தது. இன்றுவரை நீதிமன்றங்களும் தொழிற்சங்கங்களும் பயன்படுத்துவது இந்தப் பிரிவினையைத்தான்.

அடிப்படி குறைந்தபட்ச ஊதியம். தொழிலாளி உயிர் வாழ்வதற்கும், அவருடைய உழைக்கும் திறன் குன்றாமல் இருப்பதற்கும் வேண்டிய கீழ் எல்லை அது. ஓரளவு கல்வியும் மருத்துவமும் இதிலேயே அடங்கும் என்று குழு கருதியது. இதைக் கொடுக்க முடியாத நிறுவனத்துக்கு நடக்கும் உரிமையே இல்லை என்பதே சட்டத்தின் நிலைப்பாடு. அதாவது, “எனக்கு நட்டம்” என்பதைக் காரணமாகக் காட்டி இந்த எல்லைக்குக் கீழே இறங்க முடியாது.

மேல் படியில் இருப்பது வாழ்வூதியம். தொழிலாளியும் குடும்பமும் சிக்கனமான, ஆனால் மதிப்பான வாழ்க்கை நடத்துவதற்குப் போதுமான ஊதியம் என்று இதைச் சொல்லலாம். பிள்ளைகளின் கல்வி, நோயிலிருந்து பாதுகாப்பு, சமூகக் கடமைகளை நிறைவேற்றும் வசதி, முதுமைக்கான காப்பு ஆகியவை இதில் சேரும். ‘சிக்கனமான’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும்: ஆடம்பரம் இந்த வரையறைக்குள் எங்கும் வரவில்லை.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது நியாய ஊதியம். அதன் கீழ் எல்லை குறைந்தபட்ச ஊதியம்; மேல் எல்லையைத் தீர்மானிப்பது அந்தத் தொழிலின் கொடுக்கும் திறன். பேச்சுவார்த்தை மேசையில் நடக்கும் இழுபறி முழுவதும் இந்த நடுப்படியில்தான் நடக்கிறது.

வாழ்வூதியம் என்பது அண்மையில் யாரோ கண்டுபிடித்த முழக்கம் என்று நினைப்பவர்கள் அரசியலமைப்புச் சட்டத்தின் 43-ஆம் பிரிவைப் படித்துப் பார்க்கலாம். வேளாண்மை, தொழில், வேறு எந்தத் துறையானாலும் எல்லாத் தொழிலாளர்களுக்கும் வேலையும் வாழ்வூதியமும், கண்ணியமான வாழ்க்கைத் தரத்தையும் ஓய்வை முழுமையாகத் துய்ப்பதையும் உறுதி செய்யும் பணிநிலைமைகளும் கிடைக்க அரசு முயல வேண்டும் என்று அது கூறுகிறது. நீதிமன்றத்தில் நேரடியாக வழக்காடிப் பெறக்கூடிய உரிமையாக இது வைக்கப்படாமல், அரசுக்கான வழிகாட்டு நெறியாகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் அரசே முதலாளியாக இருக்கும் ஒரு தொழிலில் இந்த நெறிக்கு எடை கூடுதல் என்பது என் கருத்து.

சுருக்கமாகச் சொன்னால்: குறைந்தபட்ச ஊதியம் தரை, நியாய ஊதியம் ஏணி, வாழ்வூதியம் சேர வேண்டிய மாடி. “குறைந்தபட்சக் கூலிக்கு மேலேதானே வாங்குகிறார்கள்” என்று ஒருவர் சொன்னால், தரையில் நிற்காமல் ஏணியின் ஏதோ ஒரு படியில் நிற்கிறார்கள் என்று மட்டுமே அதற்குப் பொருள்.

சோற்றிலிருந்து தொடங்கும் கணக்கு

‘மதிப்பான வாழ்க்கை’ என்பதை ரூபாயில் எப்படி எழுதுவது? இதற்கும் ஒரு முறை உண்டு. 1957-இல் தில்லியில் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் ஒப்புக்கொண்ட முறை அது.

முதலில் குடும்பம். உழைப்பவர், துணைவி, இரண்டு குழந்தைகள் என்று நான்கு பேர் கொண்ட குடும்பத்தை மூன்று நுகர்வு அலகுகளாகக் கொள்வார்கள். நுகர்வு அலகு என்பது உழைக்கும் வளர்ந்தவர் ஒருவரின் தேவையை 1 என வைத்துப் பிறரை அளக்கும் அளவு: துணைவிக்கு 0.8, குழந்தைகளுக்குத் தலா 0.6, ஆக மொத்தம் 3. துணைவியின் வீட்டு உழைப்புக்கு ஏன் 0.8 என்று இன்றைய வாசகர் கேட்பது சரியான கேள்வி. குடும்பத்தில் முதிய பெற்றோருக்கு இடமே இல்லை என்பது அதைவிடப் பெரிய குறை. நம் ஊரில் எத்தனை ஓட்டுநர் வீடுகளில் தாயோ தகப்பனோ உடன் இல்லாமல் இருக்கிறார்கள்?

அடுத்தது உணவு. ஓர் அலகுக்கு நாள்தோறும் 2,700 கலோரி என்பது டாக்டர் வாலஸ் அய்க்ராய்டின் பரிந்துரை. 1935 முதல் 1945 வரை நம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநராக இருந்தவர் அவர். இந்திய ஊதியக் கணக்கின் அடித்தளத்தில் கிடக்கும் எண் நீலகிரியில் பணியாற்றிய ஒருவரிடமிருந்து வந்தது என்பதை, மேட்டுப்பாளையத்திலிருந்து அந்த மலைப்பாதையில் நாள்தோறும் வண்டியை ஏற்றி இறக்கும் ஓட்டுநர்களில் எத்தனை பேர் அறிவார்களோ தெரியவில்லை. அந்த 2,700 கலோரி மிதமான உழைப்புக்கு என்று கணக்கிடப்பட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் கியரையும் கிளட்ச்சையும் ஓயாமல் இயக்குவதும், மே மாத வெயிலில் என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் பல மணி நேரம் உட்கார்ந்திருப்பதும் மிதமான உழைப்புத்தானா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பிறகு உடை: ஆளுக்கு ஆண்டுக்கு 18 கெஜம், குடும்பத்துக்கு 72 கெஜம் துணி. அடுத்தது வீட்டு வாடகை. கடைசியாக எரிபொருள், விளக்கு, இதர செலவுகள். இவை மொத்த ஊதியத்தில் 20 விழுக்காடு.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் விலைகள் முறையைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை இட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம். ஓர் அலகின் ஒரு நாள் உணவுக்கு ரூ.150 என்றால், 3 அலகுக்கு 30 நாளில் ரூ.13,500. உடைக்கு மாதம் ரூ.900. வாடகை ரூ.5,600. இம்மூன்றும் சேர்ந்து ரூ.20,000. எரிபொருளும் இதரமும் மொத்தத்தில் 20 விழுக்காடு என்பதால், இந்த ரூ.20,000 மொத்தத்தில் 80 விழுக்காடாக இருக்க வேண்டும்; ஆக மொத்தம் ரூ.25,000.

இந்தப் பட்டியலில் பள்ளிக் கட்டணம் எங்கே? மருத்துவமனை எங்கே? 1991-இல் ராப்டகோஸ் பிரெட் நிறுவனத் தொழிலாளர்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த இடத்தைத்தான் தொட்டது. குழந்தைகளின் கல்வி, மருத்துவம், திருவிழாக்கள் உள்ளிட்ட எளிய பொழுதுபோக்கு, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக மேலும் 25 விழுக்காடு சேர்க்கப்பட வேண்டும் என்று அது கூறியது. நம் ரூ.25,000-க்கு மேல் கால் பங்கைச் சேர்க்கும் எளிய வழியில் பார்த்தால் ரூ.31,250 வருகிறது. ஊதியம் பற்றிய விவாதங்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் செய்தி இதற்குப் பிறகுதான் வருகிறது: இந்த ஆறு கூறுகளும் அடங்கிய ஊதியம்கூட வாழ்க்கையின் அடிமட்டத்துக்கான குறைந்தபட்ச ஊதியமே தவிர அதற்கு மேற்பட்டது அன்று என்று அதே தீர்ப்பு சொல்கிறது. வாழ்வூதியம் இதற்கும் மேலேதான் தொடங்குகிறது.

எட்டு மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டும்

இப்போது தேநீர்க் கடையின் இரண்டாவது பேச்சுக்கு வருவோம். “ஓவர்டைம், பேட்டா சேர்த்தால் நிறைய வாங்குகிறார்கள்” என்பது பல நேரங்களில் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வாழ்வூதியம் என்ற கருத்தில் பணத்தோடு நேரமும் சேர்ந்தே இருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024-இல் ஏற்றுக்கொண்ட வரையறையில், இந்த ஊதியம் ‘வழக்கமான வேலை நேரத்தில் செய்த வேலைக்கு’ கணக்கிடப்பட வேண்டும் என்ற நிபந்தனை வெளிப்படையாகவே இருக்கிறது. இரண்டு ஆள் வேலையை ஒரே ஆள் செய்து குடும்பச் செலவை ஈடுகட்டினால், அந்தக் குடும்பத்துக்கு வாழ்வூதியம் கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது.

வழக்கமான நேரம் எது என்பதை 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது: நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நெடுந்தூரத் தடங்களில் இது 10 மணி நேரம், 54 மணி நேரம் வரை போகலாம் என்றது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும் என்றது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை பார்த்தால் அரை மணி நேர ஓய்வு வேண்டும் என்றது. தாளில் படிக்கும்போது இது நன்றாகவே இருக்கிறது.

ஊர்ப்புறத்துக் கடைசிப் பேருந்தைப் பார்த்தவர்களுக்கு உண்மை நிலை தெரியும். இரவு ஒன்பதரை, பத்து மணிக்கு வண்டி கிராமத்துக்கு வந்து நிற்கும். டிப்போவுக்குத் திரும்பாது, அதற்கு ‘நைட் ஹால்ட்’ என்று பெயர். ஓட்டுநரும் நடத்துநரும் இருக்கைகளுக்கு இடையிலோ, கோயில் திண்ணையிலோ, பஞ்சாயத்துக் கட்டடத்திலோ படுத்து, பொழுது விடிவதற்கு முன்னே எழுந்து, சந்தைக்குப் போகும் பூக்கூடைகளையும் பால் கேன்களையும் கல்லூரிப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு முதல் டிரிப் கிளம்புவார்கள். அந்த இரவு அவர்களுக்கு வேலை நேரமா, ஓய்வு நேரமா? சக்கரம் உருளவில்லை என்பதால் அது வேலை இல்லை என்று கணக்கு சொல்லும். வீட்டுக்குப் போக முடியவில்லை என்பதால் அது ஓய்வும் இல்லை என்று அவருடைய பிள்ளைகள் சொல்வார்கள்.

பேட்டா என்பது என்ன என்பதையும் ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிடலாம். மாதச் சம்பளத்துக்கு அப்பால், அன்றைய பணிக்காகவோ, அன்றைய வசூலில் ஒரு சிறு பங்காகவோ கொடுக்கப்படும் படிதான் பேட்டா. அதற்கு இரண்டு குணங்கள் உண்டு. வண்டி ஓடிய நாளில் மட்டுமே அது வரும். காய்ச்சலில் படுத்தால் வராது. இன்னொன்று, அடிப்படை ஊதியத்தில் அது சேராது. அடிப்படை ஊதியம் என்பது பிற படிகளும் வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் எந்தத் தொகையை வைத்துக் கணக்கிடப்படுகின்றனவோ அந்த மூலத் தொகை. பேட்டாவும் ஓவர்டைமும் அந்த மாதத்தின் மளிகைக் கடனை அடைக்கும். ஓய்வுபெறும் நாளில் அவை கணக்கில் இருப்பதில்லை. மூலத் தொகையைச் சிறிதாக வைத்துக்கொண்டு, உதிரித் தொகைகளால் வருமானத்தைப் பெரிதாகக் காட்டும் ஏற்பாட்டில், ஓட்டுநர் தம் முதுமையையும் தூக்கத்தையும் விற்றுத்தான் இன்றைய செலவைச் சமாளிக்கிறார்.

தூக்கம் என்ற சொல்லை நான் அணிக்காக எழுதவில்லை. அறுபது எழுபது பேரை ஏற்றிச் செல்லும் வண்டியில், முந்தைய இரவில் சரியாகத் தூங்காத ஓட்டுநரின் களைப்பு எல்லாப் பயணிகளுடைய பிரச்சினையும் ஆகிறது. வசூலில் பங்கு என்ற ஏற்பாடு கடுமையாக இருக்கும் தனியார் பேருந்துகளில், அடுத்த நிறுத்தத்துக்கு முன்னால் போகும் வண்டியை முந்தினால்தான் ஆள் ஏறும் என்ற நெருக்கடி ஓட்டுநரின் வலது காலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரே தடத்தில் இரண்டு தனியார் வண்டிகள் துரத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்து ஓட்டுநரைத் திட்டுகிறோம். அந்த ஓட்டத்துக்கான காரணம் அவருக்குச் சம்பளம் கொடுக்கப்படும் முறையிலேயே இருக்கிறது.

2.57 மடங்கு சம்பளமா?

விலைவாசி ஏறும்போது ஊதியத்தின் மதிப்பு குறைவதை ஈடுகட்டத் தரப்படுவது அகவிலைப்படி. தொழிலாளர்கள் இதைப் பஞ்சப்படி என்பார்கள். தொழிலாளர் குடும்பங்கள் வாங்கும் பொருள்களின் விலை எவ்வளவு மாறியது என்பதைக் காட்டும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வைத்து இது கணக்கிடப்படுகிறது. ஆகவே அகவிலைப்படி ஏறியது என்றால் ஓட்டுநர் முன்னேறினார் என்று பொருளாகாது; சரிந்த இடத்திலிருந்து பழைய இடத்துக்கு ஏறி வந்தார் என்பதே பொருள்.

இது புரியாததால் 2018-இல் ஒரு பெரிய தவறான எண்ணம் பரவியது. அந்த ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி தொடங்கி, பொங்கலுக்குச் சற்று முன்பு வரை எட்டு நாள்கள் நடந்த வேலைநிறுத்தத்தில், தொழிற்சங்கங்கள் 2.57 என்ற பெருக்கக் காரணியைக் கேட்டன; அரசு 2.44 தர முன்வந்தது. பெருக்கக் காரணி என்பது பழைய அடிப்படை ஊதியத்தை எந்த எண்ணால் பெருக்கினால் புதிய அடிப்படை ஊதியம் வரும் என்பதைச் சொல்லும் எண். “இரண்டரை மடங்கு சம்பள உயர்வு கேட்கிறார்கள்” என்று பலர் அதிர்ந்தார்கள்.

ஆனால் 2.57 என்ற எண் மத்திய அரசு ஊழியர்களுக்கான 7-ஆவது ஊதியக் குழுவிலிருந்து வந்தது. அங்கே பழைய அடிப்படை ஊதியம் ரூ.100 வாங்கியவர் ஏற்கெனவே ரூ.125 அகவிலைப்படியும் வாங்கிக்கொண்டிருந்தார். அதாவது கையில் ரூ.225. புதிய முறையில் இரண்டும் ஒன்றாக்கப்பட்டு ரூ.257 ஆனது. உண்மையான உயர்வு 225-க்கு 32, ஏறக்குறைய 14 விழுக்காடு. மடங்கு போலத் தோன்றுவதில் பெரும்பகுதி, பழைய படியை அடிப்படை ஊதியத்தோடு இணைத்த கணக்குதான். அப்படியானால் 0.13 வித்தியாசத்துக்காகவா எட்டு நாள் என்று கேட்கலாம். ரூ.10,000 அடிப்படை ஊதியத்தில் அந்த 0.13 என்பது மாதம் ரூ.1,300. இனி வரும் ஒவ்வொரு அகவிலைப்படியும், வைப்பு நிதியும், பணிக்கொடையும் அந்தத் தொகையின் மேல்தான் வளரும் என்பதால், அது ஒருவருடைய பணிக்காலம் முழுவதும் உடன் வரும் பணம்.

நட்டம் யாருடைய நட்டம்?

தேநீர்க் கடையின் மூன்றாவது பேச்சு இது. மூன்றிலும் வலுவானதும் இதுவே. நியாய ஊதியத்தின் மேல் எல்லை கொடுக்கும் திறன் என்று முன்பே பார்த்தோம். கழகங்கள் நட்டத்தில் இருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் அந்த நட்டம் எப்படி உண்டாகிறது?

ஒரு மளிகைக் கடைக்காரர் பருப்பின் கொள்முதல் விலை ஏறினால் விற்பனை விலையை ஏற்றுவார். போக்குவரத்துக் கழகத்தால் அது முடியாது. பேருந்துக் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. தமிழ்நாட்டில் 2011 நவம்பரில் உயர்ந்த கட்டணம் அடுத்து 2018 ஜனவரியில்தான் மாறியது. அந்த இடைவெளியில் டீசல் விலை கழகங்களை எப்படி நெருக்கியது என்பதற்கு ஓர் உதாரணம் போதும்: 2013-இல் மொத்தமாக வாங்குவோருக்கு டீசல் விலை தனியாக உயர்த்தப்பட்டபோது, சொந்தமாக டீசல் நிரப்பும் வசதி கொண்ட அரசுப் பேருந்துகள் சில்லறை பங்க்குகளில் வரிசையில் நின்றன.

இரண்டாவதாக, கழகம் ஓட்டும் தடங்களை லாபம் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. எட்டுப் பேர் மட்டும் ஏறும் மலைக்கிராமத்துக்கும் பேருந்து போகிறது, போகவும் வேண்டும். மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பயண அட்டை உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் பூ விற்கும் பெண்ணுக்கும் அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைக் கண்ணால் பார்க்கிறோம். 1970-களின் தொடக்கத்தில் பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என்ற பெயர்களோடு இந்தக் கழகங்கள் உருவாக்கப்பட்டதன் பயனும் இதுதான்: சாலை உள்ள ஊருக்கெல்லாம் பேருந்து.

இவை அரசின் சமூகக் கடமைகள். இவற்றுக்காக அரசு கழகங்களுக்கு ஈட்டுத் தொகையும் மானியமும் தருகிறது. அந்தத் தொகை போதாமலோ காலம் தாழ்ந்தோ வந்தால், இடைவெளியை எங்கிருந்தாவது நிரப்பியாக வேண்டும். தொழிலாளியின் அகவிலைப்படி நிறுத்திவைக்கப்படும்போது, காலிப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் ஒருவரே இரண்டு டூட்டி பார்க்கும்போது, ஓய்வுபெற்றவருக்குப் பணப்பயன்கள் காலம் கடந்து போகும்போது, அந்த இடைவெளியை நிரப்புவது யார்? வெளிப்படையாகச் சொன்னால், நம் மலிவான பயணத்துக்கான மானியத்தின் ஒரு பகுதியை ஓட்டுநரின் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். மலிவான கட்டணமும் இலவசப் பயணமும் தொடர வேண்டும் என்று விரும்புபவன் நான். அதற்கான செலவை மாநிலம் முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றே சொல்கிறேன். வாழ்வூதியம் கொடுத்தால் டிக்கெட் விலை ஏறியே தீரும் என்று பயமுறுத்துபவர்கள் இந்த இரண்டாவது வழியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இதுவரை பார்த்தவற்றை ஒரு முறை கோத்துக்கொள்வோம். வாழ்வூதியம் என்பது நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் தேவையிலிருந்து கணக்கிடப்படுவது. அது வழக்கமான வேலை நேரத்துக்குள் கிடைக்க வேண்டும். பேட்டாவும் ஓவர்டைமும் அதற்கு ஈடாகா. அகவிலைப்படி உயர்வு ஊதிய உயர்வு ஆகாது. பேருந்துக் கழகத்தின் கொடுக்கும் திறன், பெருமளவுக்கு அரசின் முடிவைப் பொறுத்தது.

ஒப்பந்தம் எப்படி உருவாகிறது?

எட்டுப் போக்குவரத்துக் கழகங்களிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய ஊதியத்தைத் தீர்மானித்துவந்தது, 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவால் பெயர் பெற்ற முத்தரப்பு ஒப்பந்தம். தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் நிர்வாகமும் சங்கங்களும் கையெழுத்திடும் அந்த ஒப்பந்தம், கையெழுத்திடாத சங்கத்தவர் உட்பட எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தியது.

இதில் விழுக்காட்டைவிட நான் முக்கியமாகக் கருதுவது தேதியை. 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டிய 14-ஆவது ஒப்பந்தம் 2022 ஆகஸ்டில்தான் கையெழுத்தானது. உயர்வு 5 விழுக்காடு. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை என்றிருந்த வழக்கமும் நான்கு ஆண்டுகள் என்று அப்போது மாறியது. 2023 செப்டம்பரில் வந்திருக்க வேண்டிய 15-ஆவது ஒப்பந்தம் 2025 மே மாதத்தில் கையெழுத்தானது; உயர்வு 6 விழுக்காடு. இடையில் 2024 ஜனவரியில் ஊதியப் பேச்சு, காலிப் பணியிடங்கள், ஓய்வுபெற்றோரின் அகவிலைப்படி ஆகியவற்றுக்காக ஒரு வேலைநிறுத்தமும் நடந்து, உயர் நீதிமன்றத்தில் வழக்கு போனதும் நிறுத்திவைக்கப்பட்டது. வீட்டு உரிமையாளர் “பேச்சுவார்த்தை முடியட்டும், பிறகு வாடகை தாருங்கள்” என்று இரண்டு ஆண்டு காத்திருப்பாரா?

ஒரே ஸ்டியரிங், வேறு வேறு ஊதியம்

‘பேருந்து ஓட்டுநர்’ என்று ஒரே பெயரால் அழைத்தாலும் அவர்கள் ஒரே நிலையில் இல்லை. 2003 ஏப்ரலுக்கு முன் பணியில் சேர்ந்தவருக்குக் கழகத்தின் ஓய்வூதியத் திட்டம் உண்டு. பின்னர் சேர்ந்தவருக்கு அது இல்லை. சென்னையில் 2025-இல் ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்துகளில் நடத்துநர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தவர்; ஓட்டுநரோ ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். ஒரே வண்டியின் முன்பக்கமும் பின்பக்கமும் இரண்டு முதலாளிகள்.

தனியார் பேருந்து, மினி பஸ் ஓட்டுநர்களின் நிலை இதைவிடக் கடினம். பலருக்கு நாள் சம்பளமும் வசூல் பேட்டாவும்தான். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றால் வருமானமும் நிற்கும். பொது மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கு அரசு குறைந்தபட்ச ஊதியம் அறிவித்திருக்கிறது. ஆனால் சம்பளச் சீட்டே இல்லாதவர் அதைக் கேட்டுப் பெறுவது எளிதன்று. கழக ஓட்டுநரின் ஊதியம் உயர்ந்தால் அதனால் தனியார் ஓட்டுநருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு: தனியார் முதலாளியிடம் பேசும்போது அவர் சுட்டிக்காட்டக்கூடிய ஒரே அளவுகோல் கழகத்தின் ஊதியம்தான். அந்த அளவுகோல் தாழ்ந்தால் அவருடையதும் தாழும்.

பயணி என்ன செய்யலாம்?

ஓட்டுநருக்கு ஆதரவு என்றவுடன் கொடி பிடித்து நிற்க வேண்டும் என்று பலர் நினைத்துத் தயங்குகிறார்கள். அதற்கு முன்பே செய்யக்கூடியவை உண்டு. ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தில் போக்குவரத்துத் துறை மானியக் கோரிக்கையின்போது கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்று வைக்கப்படுகிறது. அது யாரும் படிக்கக்கூடிய பொது ஆவணம். அதைப் படித்துவிட்டு உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கேட்கலாம். கட்டணச் சலுகைகளுக்கான ஈட்டுத் தொகை முழுவதும் உரிய காலத்தில் கழகங்களுக்குச் சேர்ந்ததா? நம் ஊர் டிப்போவில் எத்தனை ஓட்டுநர் பணியிடங்கள் காலியாக இருக்கின்றன? அடுத்த ஊதிய ஒப்பந்தம் பழைய ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே கையெழுத்தாகுமா?

கிராமசபைக் கூட்டத்தில் இன்னும் எளிய ஒன்றைக் கேட்கலாம். இரவு தங்கும் பேருந்து நம் ஊருக்கு வருகிறது என்றால், ஓட்டுநரும் நடத்துநரும் படுக்க மின்விசிறியும் கழிப்பறையும் உள்ள ஓர் அறையைப் பஞ்சாயத்து ஒதுக்க முடியுமா என்று கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடை இல்லை. ஊதியக் கேள்விக்கு அது விடையாகாது என்பது உண்மைதான். ஆனால் அதிகாலை முதல் டிரிப்பை எடுக்கப் போகிறவர் அந்த இரவாவது தூங்குவார்.